பெட்டிக்கு வைத்த பொட்டு

என்னுடையதல்லாத கூந்தலுக்கு நான் ஒரு வருடம் எண்ணெய்க் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. எப்படியும் இன்னும் கொஞ்ச நேரத்தில் அது தண்ணீரில் மிதக்கப்போகிறது.

டிப்ளமோ கடைசி வருடத்தில் வந்த டைபாய்டு போகும்போது என் முடியில் பாதியை எடுத்துக்கொண்டு போனது. மிச்சம் இருந்தது தோளைத் தொடவே யோசித்தது. வரன் பார்க்கிற நேரத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று அம்மா மதுராந்தகம் போய் ஒரு சவுரி வாங்கி வந்தாள். அதை வைத்துப் பின்னினால் இடுப்புக்குக் கீழே போகும். நான் வேலைக்குச் சேர்ந்த செங்கல்பட்டு அலுவலகத்தில் யாருக்கும் இந்த ரகசியம் தெரியாது. கணக்கு பார்க்கும் அக்கா ஏக்கத்தோடு கேட்டபோது, செம்பருத்தி இலை, கரிசலாங்கண்ணி, இரண்டு மிளகு என்று பக்குவமே சொல்லிக்கொடுத்தேன். (மிளகு நானாகச் சேர்த்தது. அந்த அக்கா இன்னும் மிளகு போட்டுத்தான் காய்ச்சுகிறாராம்.)

எங்கள் நிறுவனம் நீச்சல் குளங்களுக்கு மோட்டாரும் வடிகட்டியும் பொருத்தித் தருவது. நான் படித்தது மின்பொறியியல். ஆனால் எனக்குக் கொடுத்த வேலை போன் எடுப்பது. குளத்துக்குப் போவதெல்லாம் ஆண்கள்தான். செய்யூர் பக்கத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவது, “சார் சைட்டுக்குப் போயிருக்காரு” என்று சொல்வதற்குத்தானா என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஆறு மாதம் முதலாளியை நச்சரித்தேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல், மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் குழந்தைகள் குளத்துக்குப் பாதுகாப்புப் பெட்டி பொருத்துகிற வேலையை என்னிடம் கொடுத்தார். பொருத்திவிட்டு, ரிசார்ட் மேலாளர் முன்னால் அதை இயக்கியும் காட்ட வேண்டும். சரியாக வந்தால் இனி எனக்கு வெளிவேலை. சொதப்பினால் ஆயுசுக்கும் போன்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குளத்துத் தண்ணீரை மோட்டார் ஒரு கம்பிவலை போட்ட வாய் வழியாக இழுக்கும். அந்த வாயில் ஒரு குழந்தை முதுகை வைத்து அடைத்துக்கொண்டால் போதும், மோட்டார் இழுக்கிற இழுப்பில் ஒட்டிக்கொள்ளும். நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது. இழுவை அப்படி திடீரென்று கூடுவதைக் கண்டுபிடித்து, மோட்டாரை உடனே நிறுத்துவதுதான் பெட்டியின் வேலை. அது வட்டமாக, ஒரு சின்னத் தட்டு அளவில் இருக்கும். முகத்தின் நட்டநடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. வெளிக்காற்று எப்படி இருக்கிறது என்பதை அந்தத் துளை வழியாகத்தான் பெட்டி தெரிந்துகொள்ளும். வெளியே இருப்பதையும் உள்ளே இழுப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அது முடிவெடுக்கும். இதையெல்லாம் நான் படித்து மனப்பாடம் செய்திருந்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு நான் விழித்திருந்தேன், அதுதான் பிரச்சினை.

வேலை முடிந்த நாள் ஆயுத பூஜை. காலையில் மூன்று முறை சோதித்துப் பார்த்தேன். வாயை ரப்பர் விரிப்பால் மூடினால் இரண்டு எண்ணுவதற்குள் மோட்டார் நின்றது. எனக்கு ஒரே பெருமை. மதியம் மோட்டார் அறையில் பூஜை. அந்த அறையைப் பார்த்துக்கொள்பவர் ஏகாம்பரம் அண்ணன், ஐம்பது வயசு, ரிசார்ட் கட்டிய நாளிலிருந்து இருப்பவர். வாழைக்கன்று கட்டி, பொரிகடலை வைத்து, சந்தனம் குழைத்து ஒவ்வொரு மோட்டாராகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். என் பெட்டியைத் தாண்டிப் போய்விட்டார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. “அண்ணே, பெட்டிக்கு வெக்கலியே?”

“அது புது பெட்டிம்மா. எங்க கை வெக்கிறதுன்னு தெரியல. நீயே வெச்சுடு.”

நான் கிண்ணத்தை வாங்கினேன். வட்டமான முகம், நடுவில் ஒரு சின்னக் குழி. பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல இருந்தது. மூன்று விரலால் அள்ளி அப்பி, நட்டநடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்தேன். கொஞ்சம் கோணலாகத் தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் சந்தனம் சேர்த்தேன். போனில் படம் எடுத்து முதலாளிக்கும் அனுப்பினேன். அவர் கைகூப்பும் பொம்மையைப் பதிலாக அனுப்பினார்.

பூஜை போட்ட பிறகு ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பூஜை போட்ட மெஷினை அன்றைக்கு ஓட்டுவார்களா? மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். சந்தனத்துக்கு இருபது மணிநேரம் அவகாசம் கிடைத்தது. சிமென்ட் மாதிரி இறுகிவிட்டது.

மறுநாள் காலை. அம்மா என் வாழ்க்கையே மாறப்போகிற நாள் என்று, சவுரியைப் பன்னிரண்டு ஊசி போட்டு இறுக்கிக் கட்டி, முழம் மல்லிகையையும் வைத்து அனுப்பியிருந்தாள். குளத்தங்கரையில் மேலாளர், என் முதலாளி, கையில் டவலோடு ரிசார்ட் ஆட்கள். பலூன் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம், இடுப்பில் காற்றடித்த வளையங்களை மாட்டிக்கொண்டு ஏழெட்டுக் குழந்தைகள். நான் காட்டி முடித்ததும் அவர்கள் இறங்குவதாக ஏற்பாடு. ‘நீண்ட கூந்தல் உள்ளவர்கள் தொப்பி அணிந்து இறங்கவும்’ என்ற பலகையை முந்தாநாள் நானே ஆணி அடித்து மாட்டியிருந்தேன். அதற்கு நேர் கீழேதான் மண்டியிட்டேன்.

ஏகாம்பரம் அண்ணனிடம் முன்பே கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன்: மோட்டார் தானாக நிற்க வேண்டும், யார் சொன்னாலும், நானே சொன்னாலும் சுவிட்சில் கை வைக்கக்கூடாது. (“நானே சொன்னாலும்” என்பது நான் ஒரு கெத்துக்காகச் சேர்த்தது.)

மோட்டார் ஓடியது. “இப்ப இந்த விரிப்பு ஒரு குழந்தைன்னு வெச்சுக்குங்க. மூணு எண்ணுறதுக்குள்ள நிக்கும்” என்று சொல்லிவிட்டு, கரையிலிருந்து குனிந்து, தண்ணீருக்குள் பக்கச் சுவரில் இருந்த வாயின் மேல் ரப்பர் விரிப்பை வைத்தேன். டப்பென்று ஒட்டிக்கொண்டது. கூடவே தோளிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்த என் பின்னலின் நுனியும் விரிப்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

ஒன்று, இரண்டு, மூன்று. மோட்டார் நிற்கவில்லை. முக்கி முனகிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது.

தலையைத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. என் மூக்குக்கும் தண்ணீருக்கும் ஒரு ஜாண்தான் இருந்தது. இந்த இடத்தில் புத்தியுள்ள யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். நான் தொடர்ந்து எண்ணினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்த குழந்தைகள் உற்சாகமாக என்னோடு சேர்ந்துகொண்டார்கள். ஏழு என்னும்போது நான் குனிந்தபடியே சிரித்துக்கூட வைத்தேன்.

“ஏதாவது பிரச்சினையாம்மா?” என்று மேலாளர் கேட்டார்.

“இல்ல சார். சிஸ்டம் யோசிச்சிட்டிருக்கு.”

இந்த ஒரு வாக்கியத்தை என் கணவர் இன்றைக்கும் எதற்கெடுத்தாலும் பயன்படுத்துகிறார். அன்று எனக்குப் பயன்படவில்லை. பதினொன்றில் எண்ணுவதை நிறுத்திவிட்டு, மோட்டார் அறைப் பக்கம் முகத்தைத் திருப்பி ஏகாம்பரம் அண்ணனைக் கூப்பிட்டேன். மோட்டார் அறையின் ஜன்னலில் அவர் தலை தெரிந்தது.

“அண்ணே, நிறுத்துங்க.”

“நீ சொன்னாலும் நிறுத்தாதன்னு நீதானேம்மா சொன்ன?”

“ஐயோ அண்ணே, இது நெசமா சொல்றேன்.”

அவர் யோசித்தார். அந்த மனிதர் யோசிக்கிற நேரத்தில் நான் பயந்துபோய் முழு பலத்தோடு பின்னால் இழுத்தேன். அம்மாவின் பன்னிரண்டு ஊசியும் ஒவ்வொன்றாகத் தெறித்தன. நான் மல்லாக்க விழுந்தேன். மோட்டாரும் அப்போதுதான் நின்றது, அண்ணன் முடிவெடுத்துவிட்டார். இழுவை போனதும் விரிப்பு மெல்ல மேலே வந்தது. அதன் பின்னாலேயே, மல்லிகைப்பூவோடு, மூன்றடி நீளத்துக்கு என் கூந்தலும் வந்து குளத்து நடுவில் மிதந்தது.

 ஒரு சின்னப் பெண், “அந்த ஆன்ட்டியோட தலை கழண்டுடுச்சு” என்று அழ ஆரம்பித்தாள். அவளைப் பார்த்துவிட்டு மற்ற குழந்தைகளும் அழுதார்கள். நான் கையால் தலையைத் தடவிப் பார்த்தேன். எலி வால் மாதிரி ஒன்று கழுத்தோரம் கிடந்தது.

மேலாளர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மிதக்கிற சவுரியையே பார்த்துக்கொண்டு, “அது ஒரு குழந்தையோட முதுகா இருந்தா?” என்று மட்டும் கேட்டார். அதுவரை நான் என் மானத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்டதும் அழுதுகொண்டிருந்த குழந்தைகளைத் திரும்பிப் பார்த்தேன். கால் மணிநேரத்தில் அவர்கள் இந்தத் தண்ணீரில் இருந்திருப்பார்கள். 

மோட்டார் அறைக்குப் போனோம். பெட்டியைப் பார்த்ததுமே முதலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. “பூஜை போடறேன்னு ஆபரேட்டர் துளைய அடைச்சிட்டாரு சார். நம்ம வேலையில குறை இல்ல” என்றார். மேலாளர் ஏகாம்பரம் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். பார்த்தாரே தவிர, வாயைத் திறக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. அவருக்கு இருப்பது இந்த ஒரு வேலை. எனக்காவது செங்கல்பட்டில் ஒரு போன் இருக்கிறது.

“அண்ணன் இல்ல சார், நான்தான் வெச்சேன்” என்றேன். “அவரு வெக்காம விட்டதைக் கேட்டு வாங்கி வெச்சேன். துளை எதுக்குன்னு எனக்குத் தெரியும், அந்த நேரத்துல ஞாபகம் வரல. போட்டோ கூட எடுத்து சாருக்கு அனுப்பினேன்.” முதலாளி தன் போனை மெதுவாகச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

போய்விட்டது என் வெளிவேலை என்று நினைத்துக்கொண்டே, உதிர்ந்த கொண்டை ஊசி ஒன்றை எடுத்துவந்து துளையில் இருந்த சந்தனத்தைக் குத்திக் குத்தி எடுத்தேன். ஏகாம்பரம் அண்ணன் டார்ச் அடித்தார். “போவட்டும்மா, முடிதானே. நல்லவேளை உன்னுது இல்ல” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

துளை திறந்ததும் மேலாளர், மறுபடியும் காட்டச் சொன்னார். அதே மாதிரி, அதே முடியை வைத்து. ஈரம் சொட்டும் சவுரியை ஒரு மாப் கட்டையில் கட்டி, என் எலி வாலைச் சட்டைக் காலருக்குள் செருகிக்கொண்டு, பலகைக்குக் கீழே மறுபடியும் மண்டியிட்டேன். சவுரி மேல் விரிப்பை வைத்தேன். ஒன்று என்றேன். இந்த முறை குழந்தைகள் யாரும் கூட எண்ணவில்லை. இரண்டு என்று சொல்வதற்குள் மோட்டார் நின்றது, விரிப்பு விட்டது, சவுரி மேலே வந்தது. அழுதுகொண்டிருந்த அந்தச் சின்னப் பெண் முதல் ஆளாகக் கைதட்டினாள்.

மேலாளர் என் முதலாளியிடம், பெரிய குளத்துக்கும் ஒரு பெட்டி போடச் சொன்னார். பெட்டி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் தனக்குக் காட்டியதில்லை என்றார். ஒரே ஒரு நிபந்தனை, வருஷா வருஷம் சோதிக்க இந்தப் பெண்ணையே அனுப்ப வேண்டும். “இவங்க இனிமே மறக்க மாட்டாங்க” என்றார். அப்படித்தான் நான் வெளிவேலைக்குப் போனேன். திறமையைக் காட்டி வாங்கினேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை.

மறுநாள் கணக்கு அக்கா என் தோள்வரை முடியைப் பார்த்துவிட்டு, எண்ணெய் நிறுத்திட்டியா என்று கேட்டார். அதன் பிறகு வந்த வரன்களுக்கெல்லாம் நான் இருக்கிற முடியோடுதான் நின்றேன். மூன்றாவதாக வந்தவர் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் அலுவலகத்தில் பராமரிப்புப் பிரிவில் இருந்தார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, அந்தப் பெட்டி என்ன மாடல் என்று விசாரித்தார். அவரையே கட்டிக்கொண்டேன். இப்போது வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றாலும், டிவி வரவில்லை என்றாலும், அவர் முதலில் கேட்பது, “எங்க பொட்டு வெச்ச?” ஆயுத பூஜை அன்று மாமியார் எல்லோர் கையிலும் சந்தனக் கிண்ணத்தைக் கொடுப்பார். என் கையில் பொரியைக் கொடுப்பார்.

சவுரி அந்த மோட்டார் அறையிலேயே ஓர் ஆணியில் தொங்குகிறது. வருஷத்துக்கு ஒருமுறை நான் போய் அதை எடுத்து, விரிப்புக்கு அடியில் வைத்துச் சோதித்துவிட்டு, உலர்த்தி மாட்டிவிட்டு வருவேன். போன முறை என் மகளையும் கூட்டிப் போனேன். அவளுக்கு ஏழு வயது, சொந்த முடியே இடுப்பு வரை. வளையத்தை மாட்டிக்கொண்டு நின்றவளைச் சோதனை முடியும்வரை படியில் கால் வைக்க விடவில்லை. ஒன்று, இரண்டு, நின்றது. பிறகு தொப்பி போட்டு இறக்கிவிட்டேன்.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மாலையில் ஏகாம்பரம் அண்ணனிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

“பூஜ முடிஞ்சிதும்மா. மோட்டாருக்கெல்லாம் வெச்சுட்டேன், உன் முடிக்கும் பொட்டு வெச்சுட்டேன். பெட்டிக்கு வெக்கல.”

“நல்லா பாத்தீங்களாண்ணே?”

“டார்ச் அடிச்சு பாத்துட்டேன். தொள தெறந்துதான் கீது.”