இருக்க முடியாதவனின் வாக்கு

நான் ஒரே ஒரு முறை ஒரு சபையை ஆண்டிருக்கிறேன். ஆண்டது கால்மணி நேரம். அந்தப் பதவிக்குக் கல்வியோ ஒழுக்கமோ காரணமில்லை. பின்பக்கத்தில் சீழ் வைத்து வீங்கிய ஒரு கட்டுதான் காரணம்.

ஏழாம் வகுப்போடு ஊரை விட்டு ஓடியவன் நான். பினாங்கில் மூட்டை சுமந்து, காய்ச்சலில் விழுந்து, எழும்பி, ஒருநாள் சாவகச்சேரி ஸ்டேஷனில் வெறுங்கையோடு வந்து இறங்கினேன். எங்கள் தேவாலயத்தின் மூப்பர்களில் ஒருவரான பெரியப்பா இரண்டு மாதம் ஒரு கேள்வியும் கேட்காமல் சோறு போட்டார். பிறகு ஒரு சனிக்கிழமை அதற்குரிய வேலையைச் சொன்னார்.

"நாளைக்குச் சபைக் கூட்டம். உன்ரை பேரை இன்னும் அங்கத்தவர் இடாப்பிலை வெட்டேல்லை. தானியேலை உதவிக்காரன் ஆக்கப் பாக்கினம். நான் எழும்பேக்கை நீயும் எழும்பு. வேறை ஒண்டும் செய்யாதை."

தானியேல் பனையேறுகிற குடும்பம். வேதாகமத்தை எங்கள் எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர். ஆனால் உதவிக்காரர் ஆனால் நற்கருணை நாளில் கிண்ணத்தை வாங்கு வாங்காக, இருக்கை வரிசை தவறாமல் கொண்டுபோய் நீட்ட வேண்டும். அவர் கையால் வாங்கிக் குடிப்பதா? அதுதான் சிலருக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

என் கட்டோ வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது (தேசிக்காய் அளவு, வீட்டில் கதை சொல்லும்போது மாங்காய்). ஆகவே கூட்டத்தில் வாங்கில் குந்தி இருக்க ஏலாமல் பின்சுவரோரம் நின்றேன். கேட்டவர்களிடம், "மரியாதைக்கு" என்றேன்.

நின்றபடி நான் கண்டது இன்றும் எனக்கு அதிசயம்தான். நான் அறிந்த உலகத்தில் ஒருவன் முடிவெடுப்பான், மற்றவன் சுமப்பான். இங்கே பாய் இழைக்கிற அன்னம்மாவுக்கும் ஒரு வாக்கு, மிஷன் துரைக்கும் ஒரு வாக்கு. துரை பேசக் கையை உயர்த்தினார். போதகர், "அன்னம்மா முதல் கேட்டவ, பொறுங்கோ" என்றார். துரை கையை இறக்கிக்கொண்டு பொறுத்தார். பினாங்கில் எந்தத் துரையும் எந்தத் தமிழருக்காகவும் பொறுத்ததை நான் கண்டதில்லை.

தானியேலை வெளியே அனுப்பினார்கள். அவர் போய்ப் பூவரச மரத்தடியில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

"ஆதரிக்கிற ஆக்கள் எழும்புங்கோ."

காரியதரிசியான வாத்தியார் பென்சிலை நீட்டி எண்ணினார். "பத்தொன்பது."

"எதிர்க்கிற ஆக்கள்."

முன்வாங்கில் பெரியப்பா எழும்பினார். அவருக்குப் பின்னால் பலர். "பத்தொன்பது."

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "போதகர், இதிலை முப்பத்தேழு பேர்தான் இருக்கினம். வாக்கு முப்பத்தெட்டு."

"தேவதூதர் ஆரும் எழும்பினவரோ?" என்றார் அன்னம்மா.

திரும்ப எண்ணினார்கள். திரும்பவும் முப்பத்தெட்டு. அப்போதுதான் வாத்தியாரின் பென்சில் என் பக்கம் நின்றது.

"தம்பி, நீர் எப்ப இருந்தனீர்?"

"நான் இருக்கேல்லை, வாத்தியார்."

"ஏன்?"

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

"கட்டு."

"எங்கை?"

அந்தத் தேவாலயத்துக்குள் அந்த இடத்தின் பெயரை உரக்கச் சொன்ன முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். பெண்கள் பக்கம் குலுங்கியது. துரைக்கு யாரோ மொழிபெயர்த்தார்கள், அவரும் குலுங்கினார்.

சிரிப்பு அடங்கியதும் போதகர் கேட்டார்: "ரெண்டு பக்கமும் பதினெட்டு. உம்மடை வாக்கு ஆருக்கு? ஒருத்தரும் அவருக்குச் சொல்லிக்குடுக்கக் கூடாது."

காணியுள்ளவர்கள், படித்தவர்கள், துரை, எல்லாரும் வேலையற்ற ஒரு நாடோடியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா தலையை மெல்ல ஆட்டினார், இரண்டு மாதச் சோற்றையும் நினைவூட்டுவதுபோல்.

பினாங்கில் காய்ச்சலாய்க் கிடந்தபோது எனக்குக் கஞ்சி ஊட்டியது எந்தச் சாதிக் கை என்று நான் விசாரித்ததில்லை. அது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. (வராமல் இருந்திருந்தால் சாப்பாடு தொடர்ந்திருக்கும்.)

"முதல் எண்ணினதுதான் என்ரை," என்றேன்.

அன்று பின்னேரமே என் பெட்டி பெரியப்பா வீட்டுப் படலைக்கு வெளியே இருந்தது. வாத்தியாரின் மாட்டுக்கொட்டிலில் படுத்தேன். இன்றும் எங்கள் குடும்பத்தில் கலியாணம், காணி என்று எதைப் பேசக் கூடினாலும், "முதல்லை உவனை இருத்துங்கோ, பிறகு கதைப்பம்" என்று யாராவது தொடங்குவார்கள்.

அந்த மாத நற்கருணை நாளில் தானியேல் கிண்ணத்தோடு முன்வாங்குக்கு வந்தார். பெரியப்பா எழும்பிப் போய்விடுவார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினார், குடித்தார், திருப்பிக் கொடுத்தார்.

வாசலில் போய் மறித்தேன். "பெரியப்பா, கோவமோ?"

"உன்னிலை உள்ள கோவம் சாகுமட்டும் கிடக்கும். சபை முடிவெடுத்தால் அதை மாத்த நான் ஆர்?"

சொன்னது போலவே நடந்தார். சாகுமட்டும் என்னோடு கதைக்கவில்லை. தானியேல் நீட்டிய கிண்ணத்தை ஒரு முறைகூட மறுக்கவுமில்லை.