டெல்மர் துப்பாக்கி வாங்கிய கதை

விஸ்கான்சினில் எங்கள் ஊர்ப் பக்கம் ஓர் ஆண்பிள்ளை ஐம்பது வயதுக்குள் பட்டாளத்துத் துப்பாக்கி ஒன்று வாங்கிவிட வேண்டும். அப்படி ஒரு சட்டமும் கிடையாது. டெல்மர் க்ரௌசே தனக்குத் தானே போட்டுக்கொண்டது. மான் சுடுகிற துப்பாக்கி அவனிடம் இருந்தது. அது யாரிடம்தான் இல்லை? போருக்குப் போய், பட்டாளம் வேண்டாமென்று கழித்துவிட, பழைய சாமான் விலைக்கு வருகிறதே, அந்தத் துப்பாக்கிக்குத்தான் மரியாதை என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, பொரித்த மீன் தட்டில் இருக்கும்போதே அறிவித்துவிட்டான்.

"லவோன், நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

"அப்பாடா. கீழறையை ஒழிக்கப் போறியா?"

"துப்பாக்கி வாங்கப் போறேன். பட்டாளத்துப் பழசு."

"எவ்வளவு?"

"முந்நூறு டாலர். தூண்டில் பெட்டியில சேர்த்து வச்சிருக்கேன்."

"வாஷிங் மெஷினும் முந்நூறுதான்."

"இருக்கிற மெஷின்தான் நல்லா ஓடுதே."

"ஓடுது, நான் இல்லேங்கல. நேத்து படிக்கட்டு வரைக்கும் ஓடி வந்துச்சு. நான்தான் திரும்பத் தள்ளிக்கிட்டுப் போய் விட்டேன்."

டெல்மர் மீனில் முள் இருப்பதுபோல் பாவனை செய்தான்.

வீட்டுக்கு அடியில், தரைக்குக் கீழே இருக்கிற அந்தக் கீழறை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். லவோனின் தாய்மாமா இங்வால்ட் கல்யாணமே செய்துகொள்ளாமல் பால்மாடு வளர்த்துக் காலம் தள்ளிய மனுஷர். அவர் போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டுச் சாமான் அத்தனையும் டெல்மர் வீட்டுக் கீழறைக்கு வந்து சேர்ந்தது. பெட்டிகள், பால் கேன்கள், சுருட்டிக் கட்டிய கம்பளங்கள். எல்லாவற்றையும் சுமந்து இறக்கியவன் டெல்மர்தான். அன்று பிடித்தது இடுப்பு. அதிலிருந்து யாராவது 'கீழறை' என்று வாயைத் திறந்தால் போதும், அவன் கை தானாக இடுப்புக்குப் போய்விடும். நாலு வருஷமாக லவோன் சொல்வதும் அவன் இடுப்பைப் பிடிப்பதுமாகக் குடும்பம் நடந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க டெல்மர் புத்தகம் படித்தான். படித்ததை ராத்திரி லவோன் தட்டுத் துடைக்கும்போது ஒப்பித்தான்.

"ருஷ்யத் துப்பாக்கி விலை மலிவு. ஆனா ஒரு வெடி வெடிச்சா தோள்பட்டை போயிடும்."

"உனக்கு ஏற்கெனவே இடுப்பு வேற இல்ல."

"இத்தாலிக்காரன் துப்பாக்கி இன்னும் மலிவு. குண்டுதான் எந்தக் கடையிலயும் கிடைக்காது."

"அப்படின்னா அதையே வாங்கேன். வீட்டுக்குப் பத்திரம்."

"இங்கிலீஷ்காரன் பட்டாளத்தோடது அருமையான துப்பாக்கி. ஆனா பாதிப் பேரு மான் வேட்டைக்குத் தோதா இருக்கட்டும்னு கட்டையைச் சீவி நாசம் பண்ணி வச்சிருக்காங்க. வாங்கினா ஜெர்மன் மௌசர் வாங்கணும். அதுதான் ராஜா. நம்ம காசுக்கு எட்டாது. ஒரே ஒரு வழிதான் இருக்கு."

"என்ன வழி?"

"அறுத்த துப்பாக்கி. சண்டை முடிஞ்சு ஊருக்கு வர்ற சிப்பாய், துணிமூட்டைக்குள்ள அடங்கணுமேன்னு முன்பக்கக் கட்டையை ரம்பத்தால அறுத்துடுவான். வீட்டுக்கு வந்து ஒட்டி, மேல இரும்புப் பட்டையை மாட்டிட்டா வெட்டு வெளியே தெரியாது. அறுத்ததுக்குப் பாதி விலைதான். ஆனா ஒரு வீரன் தன் கையால கொண்டுவந்ததுக்கு அதைவிட அத்தாட்சி வேணுமா?"

லவோன் துடைத்துக்கொண்டிருந்த தட்டு அப்படியே நின்றது.

"பட்டைக்கு அடியிலயா அறுப்பாங்க?"

"அடியிலதான். நகத்தால தடவினா தெரியும். என்னை மாதிரி விஷயம் தெரிஞ்சவனுக்குத் தெரியும்."

"அப்படி ஒண்ணு வந்தா முந்நூறு குடுப்பியா?"

"கண்ணை மூடிக்கிட்டுக் குடுப்பேன்."

"சரி, டெல்மர். போய் வாங்கு."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் தலையாட்டியதில்லை. டெல்மருக்கு முதலில் திக்கென்றது. அப்புறம் யோசித்து, எல்லாம் தன் பேச்சுத் திறமைதான் என்று தேற்றிக்கொண்டான்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சந்தைத் திடல் கொட்டகையில் துப்பாக்கிச் சந்தை. நூறு மேஜை இருக்கும். டெல்மர் எல்லா மேஜையிலும் விலை கேட்டு, எல்லா மேஜையிலும் பெருமூச்சு விட்டு, கடைசி மேஜைக்கு வந்தான். காது மூடிய தொப்பியோடு ஒரு கிழவர். முன்னால் ஒற்றைத் துப்பாக்கி. மௌசர்!

டெல்மர் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தான். குழல் பளிச்சென்றிருந்தது. பாகத்துக்குப் பாகம் பொறித்திருந்த நம்பரெல்லாம் ஒத்துப்போயின. பட்டையோரம் நகத்தை ஓட்டினான். மெல்லிசாக ஒரு கோடு தட்டுப்பட்டது. ஐயோ, அவன் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் பக்கத்து மேஜைக்கே கேட்டிருக்கும்.

"சாமான் பரவாயில்ல. என்ன விலை?"

"முந்நூறு."

"இருநூத்தி அம்பது."

"சரக்கு என்னுது இல்ல தம்பி. சொந்தக்காரம்மாவைக் கேக்கணும்." கிழவர் எழுந்து மூலையில் இருந்த காசு போடும் போனுக்குப் போனார். பேசினார். வந்தார். "முடியாதாம்."

"இருநூத்தித் தொண்ணூறு. அதுக்கு மேல காசில்ல."

மறுபடியும் போனுக்குப் போய்த் திரும்பினார். "சரியாம். ஆனா மிச்சமாகிற பத்து டாலருக்கு வாசல்ல விக்கிற பொரிச்ச சீஸ் வாங்கி உங்க வீட்டம்மாவுக்குக் கொண்டுபோகச் சொல்றாங்க. சூடா."

"அட, என்ன தங்கமான மனசு! அந்தம்மா வீட்டுக்காரருக்கு இது விக்கிறது தெரியுமா?"

"இப்படி ஒண்ணு வீட்டுல இருந்ததே அவருக்குத் தெரியாதாம்."

டெல்மர் விழுந்து விழுந்து சிரித்தான். "தன் வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாத மடையனும் உலகத்துல இருக்கானா?"

கிழவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இருக்கான்" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து லவோனின் அம்மா ஆர்டிஸ் சாப்பிட வந்திருந்தாள். டெல்மருக்குச் சொல்ல ஆள் கிடைத்துவிட்டது. சாப்பாட்டு மேஜை மேலேயே துப்பாக்கியைக் கிடத்தினான்.

"பாருங்க அத்தை. யாரோ ஒரு வீரன், பேர் தெரியாது, அறுத்து மூட்டையில கட்டிக் கப்பல்ல கொண்டுவந்திருக்கான். இங்கே கட்டையில பாருங்க, குழிகுழியா. கையெறி குண்டு சிதறினது. மயிரிழையில தப்பிச்சிருக்கான்."

லவோன் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே, "பாவம்" என்றாள்.

ஆர்டிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். "குண்டா? இது எங்க நாய் கடிச்சதுடா. ஏண்டி லவோன், இது உன் இங்வால்ட் மாமா சண்டையிலேருந்து கொண்டுவந்த துப்பாக்கியில்ல? பச்சைக் கம்பளத்துல சுத்தி வச்சிருந்தாரே. அதை இவன்தானே தூக்கிட்டு இறங்கினான், இடுப்பு போச்சு இடுப்பு போச்சுன்னு கத்திக்கிட்டு?"

டெல்மர் முள்கரண்டியைக் கீழே வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"அந்தக் கிழவர்...?"

"சர்ச்சுல என்கூட மெத்தைவிரிப்புத் தைக்கிற ஐலீனோட அண்ணன்" என்றாள் லவோன். "ரொம்ப நல்ல மனுஷர். மெஷின் செவ்வாய்க்கிழமை வருது."

"என் வீட்டுத் துப்பாக்கியை எனக்கே வித்தியா?"

"மாமா எனக்குன்னு எழுதிவச்ச துப்பாக்கி. அப்பவும், நீ ஒரு தடவை கீழறையை ஒழிச்சிருந்தா, சும்மாவே எடுத்துக்கோன்னு விட்டிருப்பேன்."

அவனுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. குளிர்காலம் பூரா படித்த படிப்பு! சாப்பாடு முடிந்து ஆர்டிஸ் நாற்காலியில் கண்ணயர்ந்த பிறகு, லவோன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வருத்தப்படாதே. மாமா ரெண்டு கொண்டுவந்ததா ஞாபகம். நான் அந்த ஒரு கம்பளத்தைத்தான் பிரிச்சேன். மிச்சம் எதையும் தொடல."

டெல்மர் எழுந்தான். கை இடுப்புக்குப் போகவில்லை.

அந்த வாரம் அவன் வேலை விட்டு வந்ததும் நேரே கீழே இறங்கினான். பெட்டி பெட்டியாகப் பிரித்தான். கம்பளங்களை உதறினான். பால் கேனுக்குள் கையை விட்டுத் துழாவினான். வேண்டாததை வண்டியில் ஏற்றிக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வந்தான். எங்கேயாவது கல்லுக்கு அடியில் இருக்குமோ என்று தரையைக் கழுவிக்கூடப் பார்த்தான்.

அடுத்த ஞாயிறு ஆர்டிஸ் வந்தபோது கீழறைப் படியில் நின்று அசந்துபோனாள். புது மெஷின் இருந்த இடத்தை விட்டு நகராமல் துவைத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் தரை முகம் பார்க்கலாம்போல் இருந்தது.

"என்னடி இது, டெல்மரா ஒழிச்சான்?"

"மாமாவோட ரெண்டாவது துப்பாக்கியைத் தேடினான்மா."

"ரெண்டாவதா? எங்கண்ணன் கொண்டுவந்தது ஒண்ணே ஒண்ணுதானேடி!"

"மெதுவாப் பேசும்மா" என்றாள் லவோன். "இன்னும் பரண் பாக்கி இருக்கு."