முந்நூறு கிராமுக்குப் பன்னிரண்டு

மூன்றாவது எடைக்கல்லையும் மாட்டியதும், ரப்பர் பேண்ட் சரசரவென்று இறங்கி, அளவுகோலில் இருபது சென்டிமீட்டர் கோட்டைத் தொட்டுத்தான் நின்றது.

அவிராச்சன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இருபதேதான். போன மாதச் சரக்கு, இதே முந்நூறு கிராமுக்குப் பன்னிரண்டைத் தாண்டியதில்லை.

"என்ன அவிராச்சா, கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி தொங்குது?" என்றார் பைலி முதலாளி.

"ரப்பர் வேகும்போது கரண்ட் போச்சுல்ல முதலாளி? அரைவேக்காடு."

பதினோரு மணிக்குப் பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வருகிறார். இழுவைச் சோதனையை நேரில் பார்த்த பிறகுதான் ஆர்டராம். ஆர்டர் கை நழுவினால் பேண்ட் வெட்டும் பிரிவுக்குப் பூட்டு. அங்கே வேலை பார்க்கும் ரோசிலியும் இன்னும் ஏழு பெண்களும் திங்கட்கிழமை முதல் வீட்டில் உட்கார வேண்டியதுதான். குறைவாக இழுபட்டால் நல்ல பேண்ட். ரப்பர் விளையும் பாலா ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

"இன்னொரு தடவை போடு."

இருபத்திரண்டு.

"இன்னும் ஒரு தடவை!"

இருபத்து மூன்று.

"இழுக்க இழுக்க இளகும் முதலாளி. நாமளே கெடுத்துக்கிட்டு இருக்கோம்."

"அப்ப குளிர வை. குளிர்ந்தா இறுகும்ல?"

கேன்டீன் ஃப்ரீசரில் மத்தி மீன்மேல் பத்து பேண்டுகள் அரை மணி நேரம் படுத்திருந்தன. எடுத்து மாட்டினார்கள். பதினைந்து! முதலாளி சிலுவை போட்டுக்கொண்டார். போட்ட கை இறங்குவதற்குள் பேண்ட் பழையபடி தொய்ய ஆரம்பித்தது. அதைவிட மோசம், மீன் வாசனை பிடித்து வந்த பூனை மேஜைமேல் தாவி, எடைக்கல்லுக்கு ஓர் அறை விட்டது. கல் முதலாளியின் கால் கட்டைவிரலில் விழுந்தது.

"என்டம்மே!"

ரோசிலி சிரிப்பை அடக்க முடியாமல், "ரிசல்ட் பூனைக்கும் பிடிக்கல போல" என்றாள்.

"சிரிடி, நல்லா சிரி. அதுல தொங்குறது உன் வேலைதான்."

அவள் சிரிப்பு நின்றது. அவிராச்சனின் பார்வை அவள் கொண்டையில் போட்டிருந்த ரப்பர் பேண்டுக்குப் போனது.

"அது போன மாதச் சரக்குதானே?"

"ஆமா சேட்டா. ஏன்?"

"கழட்டு."

நாலு முடியோடு சேர்த்துப் பிய்த்துக் கொடுத்தாள். அவிராச்சன் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பத்தொன்பது வருடமாக அவர் எழுதிய அளவு ஒன்றுகூடப் பொய்யில்லை.

"சேட்டா, நீங்க பொய்யா எதுவும் எழுத வேண்டாம். சும்மா தொங்க விடுங்க போதும். நாங்க எட்டுப் பேரு..." என்றாள் ரோசிலி.

மாட்டினார்.

மேடம் வந்தார். நூறு, இருநூறு, முந்நூறு. கச்சிதமாகப் பன்னிரண்டில் நின்றது. மேடம் குனிந்து பார்த்தார். பேண்டைக் கழற்றி விரலால் இழுத்தும் பார்த்தார்.

"மொத்தச் சரக்கும் இப்படித்தான் இருக்குமா?"

அவிராச்சன் கதவோரம் முடியை விரித்தபடி நின்ற ரோசிலியைப் பார்த்தார்.

"ஒண்ணுகூட மாறாது மேடம்."

"கர்த்தர்மேல சத்தியம்!" என்று முதலாளி வேறு சேர்ந்துகொண்டார்.

மேடம் பெருமூச்சு விட்டார். டீயைப் பாதியில் வைத்தார். "பேண்ட் நல்லாத்தான் இருக்கு. வேணும்னா சொல்லி அனுப்பறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

கார் வாசலைத் தாண்டியது.

"முடியப் பாத்திருப்பாங்க" என்றாள் ரோசிலி மெல்ல.

"என் முழியப் பாத்திருப்பாங்க" என்றார் அவிராச்சன். "உள்ளதைச் சொல்லித் தோத்திருந்தா, ராத்திரி தூக்கமாவது வந்திருக்கும்."

சாயங்காலம் எட்டுப் பெண்களும் சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். போகும்போது யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அரைவேக்காட்டுச் சரக்கைக் கூடை கூடையாகக் குப்பைக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தபோது, காலையில் மேடத்தைக் கூட்டிவந்த டாக்சி திரும்பி வந்து நின்றது. டிரைவர் பேபிச்சன் இறங்கினான்.

"மேடம் குடையை மறந்துட்டாங்க, கூரியர்ல அனுப்பச் சொன்னாங்க. ஏர்போர்ட்ல விட்டுட்டு நேரா வர்றேன்."

அவிராச்சன் குடையை எடுத்துக் கொடுத்தார். பேபிச்சனின் கண் குழிக்குள் போனது. குனிந்து ஒரு பேண்டை எடுத்து இழுத்தான். அது கை நீளத்துக்கு வந்தது.

"அட கடவுளே, இதையா கொட்டுறீங்க? மேடத்துக்கு ரோஜாப்பூ வியாபாரம். இறுக்கமான பேண்ட் பூங்கட்டோட காம்பை அறுக்குதுன்னு, இந்தத் தொளதொள சரக்கைத் தேடித்தான் மேடம் ரெண்டு நாளா ஏழு கம்பெனி ஏறி இறங்கினாங்க. கடைசியில எட்டாவது கம்பெனிக்காரன் 'மன்னிக்கணும், எங்க சரக்கு சரியா வேகல'ன்னு உண்மையைச் சொன்னான் பாருங்க, மூணு வருஷ ஆர்டரை அவனுக்கே கொடுத்துட்டு ஃப்ளைட் ஏறிட்டாங்க!"