மேல்கோட்டையும் கீழ்கோட்டையும்

பன்னிரண்டரைக்கு விருந்து. மணி பன்னிரண்டாகியும் யாரை எங்கே உட்கார வைப்பது என்று பீர் முகைதீனுக்குப் பிடிபடவில்லை.

ரங்கூன் நகரின் கியாக்டடா பகுதியில் ஒரு ஓட்டலின் சாப்பாட்டுக்கூடம் அவர் பொறுப்பு. வந்திருப்பவர்களோ ஜெர்மனியின் ஃபால்கன்ரீட் பிரபு வம்சம். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் மேல்கோட்டையையும் தம்பி கீழ்கோட்டையையும் பிரித்துக்கொண்டார்களாம். அதிலிருந்து இரண்டு கிளை, தீராத சண்டை. கிளைக்கு ஒருவராக இருவர் இன்று இங்கே சாப்பிடுகிறார்கள்.

‘மூத்த கிளைக்கே முதல் இருக்கை’ என்று மேல்கோட்டை எழுதியிருந்தது. ‘அவர்கள் பாட்டனார் ரொட்டிக்காரன் மகளைக் கட்டிய அன்றே முதன்மை எங்களுக்கு வந்துவிட்டது’ என்று கீழ்கோட்டை எழுதியிருந்தது. இன்னொரு புகார் வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

பீர் முகைதீன் வட்ட மேசை போட்டார். யாரும் முந்தக்கூடாதென்று இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டார்.

“வாசலைப் பார்த்த நாற்காலி எனக்கு!” என்றார் மேல்கோட்டைப் பிரபு, ஆங்கிலத்தில்.

“எனக்கு!” என்றார் கீழ்கோட்டைச் சீமாட்டி.

பீர் முகைதீன் திரை போட்டு வாசலையே மறைத்தார். சூப்பை இரண்டு பேர் ஒன்றாகக் கொண்டுவந்து வைத்தார்கள். சீமாட்டியின் கிண்ணம் அரை நொடி பிந்திவிட்டது.

“முந்நூறு வருஷமாக எங்களுக்கு இதே அவமானம்!”

பீர் முகைதீன் அடுக்களைக்கு ஓடினார். அண்ணன் என்பதற்குப் பர்மிய வழக்கப்படி ‘கோ’ போட்டுக் கூப்பிடும் சமையற்காரர் சுலைமான் சிரித்தார்.

“நம்ம கல்யாணத்துல யாருக்கு முதல்ல வைக்கிறோம்? சஹன்ல வச்சிருங்க கோ பீர். ஒரே தட்டு, எல்லார் கையும் அதுலதான்.”

அட, இது ஏன் தோன்றாமல் போயிற்று! பெரிய தாம்பாளத்தில் பிரியாணி மலையாக வந்தது. கோழிக்கால் மட்டும் பிரபு பக்கம் இருந்தது.

சீமாட்டி தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிரபு திருப்பி இழுத்தார். பாதிப் பிரியாணி பிரபுவின் கோட்டில் கொட்டியது.

“கூப்பிடு உன் மேனேஜரை!” இந்த ஒன்றில் மட்டும் இரண்டு கிளையும் ஒற்றுமையாகக் கத்தின.

பீர் முகைதீன் மூச்சிரைக்க வரவேற்பு மேசைக்கு ஓடினார்.

“ரேவதி, சாப்பாட்ட ரூமுக்கே அனுப்பிர்றேன். ரெண்டு பேரையும் வேற வேற மாடிக்கு மாத்திரும்மா. இல்லன்னா நாளைக்கே நான் இன்சீன்ல டீக்கடை போட வேண்டியதுதான்!”

ரேவதி பதிவேட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“அது எப்படி கோ பீர்? இன்னைக்கு அவங்களுக்கு அம்பதாவது கல்யாண நாளு. புருஷன் பொண்டாட்டிய வேற வேற மாடியில வைக்கச் சொல்றீங்களா?”