சீரியல் அண்ணனும் தொண்ணூற்றாறு டிகிரியும்

டிவி பெட்டியே இல்லாத வீட்டில் இருந்துகொண்டு 'சீரியல் அண்ணன்' என்று பேர் வாங்கியவர் கோயமுத்தூரிலேயே அவர் ஒருவர்தான்.

தொண்ணூறுகளில் பீளமேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் அவரும் நானும் வேலை பார்த்தோம். ஃபாக்டரிகளின் சூடு, அழுத்தத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் காட்டித் தருவது தொழில். கம்ப்யூட்டருக்கு எண்தான் புரியும். சூட்டை எண்ணாக்க ஒரு கருவி வேண்டும். அதைக் கம்ப்யூட்டரின் முதுகிலிருக்கும் சீரியல் போர்ட்டில்தான் மாட்டவேண்டும் என்பது அண்ணனின் மதம். நிமிஷத்துக்கு நாலு தடவை 'சீரியல்' என்பார். தெருப் பெண்கள் நிறுத்திக் கேட்பார்கள்: "ஏனுங்க, நேத்து கதையில அந்தப் புள்ளைக்கு என்னாச்சுங்க?"

"விசாரிச்சுச் சொல்றனுங்க" என்பார். விசாரித்துச் சொல்லவும் செய்வார்.

வால்பாறைத் தேயிலை ஃபாக்டரி ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. இலை உலர்த்தும் டிரையரின் சூடு ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரியவேண்டும்.

"கம்ப்யூட்டருக்குள்ளயே சொருகற கார்டு வாங்கிப்போடலாமுங்க. வேகமா இருக்கும்" என்றார் முதலாளி.

"தேயிலை என்ன ரேசுக்கா போவுதுங்க? டிரையர் ஒரு கோடி, ஆபீஸ் ஒரு கோடி. சிக்னலை அத்தனை தூரம் இழுத்தா வழியில மோட்டார் இரைச்சலெல்லாம் ஏறிக்குமுங்க. டிரையர்கிட்டயே பெட்டிய வெச்சு, நெம்பரா மாத்தி, மெதுவா அனுப்போணுமுங்க" என்றார் அண்ணன்.

அடுத்து, எட்டு பிட் பெட்டியா, பன்னிரண்டு பிட் பெட்டியா? எட்டு பிட் என்றால் சூட்டை முழு முழு டிகிரியாகத் தாவித்தான் காட்டும்; பன்னிரண்டு பிட் நூலளவு மாற்றத்தையும் சொல்லும். இரண்டின் சென்சாரையும் ஒரே காபியில் நட்டு, அது பச்சைத் தண்ணீராக ஆறும்வரை பார்த்துவிட்டுப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்தார். காபி என்னுடையது.

பச்சைக் குழந்தையைப்போல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பஸ்ஸில் மலையேறினார். மாட்டிப் பார்த்தால், டிரையரின் பழைய முள் மீட்டர் காட்டுவதைவிட எங்கள் பெட்டி எட்டு டிகிரி கூடுதலாகக் காட்டியது.

மேனேஜர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார். தேயிலை தொடர்ந்து கருகியதால், இலையைப் பதம் பார்த்து உலர்த்தும் பொறுப்பில் அங்கே இருபது வருஷமாக டீ மேக்கராக இருந்தவரை வேலையை விட்டுப் போகச் சொல்லியிருந்தார். முள் சரியான சூட்டில் நிற்கும்போது தப்பு ஆளிடம்தானே? இப்போது எங்கள் மேல் பாய்ந்தார்: "உங்க பெட்டி பொய் சொல்லுதுங்க!"

அண்ணன் கொதிக்கிற தண்ணீர் கேட்டார். சென்சாரை விட்டார். தொண்ணூற்றாறு.

மேனேஜர் சிரித்தார். "தண்ணி நூறுல கொதிக்கும்னு பள்ளிக்கூடப் பசங்களுக்கே தெரியுமுங்களே!"

"கீழ நூறுங்க. மேல ஏற ஏறச் சீக்கிரம் கொதிச்சுபோடுமுங்க. இந்த உசரத்துக்குத் தொண்ணூத்தாறுதானுங்க வரோணும்."

டிரையரின் முள் மீட்டரைக் கழற்றி, அதன் முனையை அதே தண்ணீரில் முக்கினார். எண்பத்தெட்டு. இத்தனை நாளும் பொய் சொன்னது முள்தான்; அது சரியென்று காட்டியபோதெல்லாம் உள்ளே எட்டு டிகிரி கூடுதலாக எரிந்து தேயிலையைக் கருக்கியிருக்கிறது.

கணக்கு முடித்துப் போக வந்து ஓரமாக நின்றிருந்த டீ மேக்கர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அண்ணன் திரும்பி நின்று, ஏற்கெனவே சுற்றிவைத்த வயரைப் பிரித்து மறுபடி சுற்றினார்.

திரும்பும்போது மூன்றாவது கொண்டைஊசி வளைவிலேயே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஆழியாறு போயிற்று, பொள்ளாச்சி வந்தது, தோள் மரத்துப்போயிற்று. நான் அசையவில்லை.