அங்க அடையாளம்

அடி அண்ணாமலை தாண்டும்போதுதான் மணிவேலுக்குத் தன்னோடு ஒரு மனைவியும் கிரிவலம் வந்த ஞாபகம் வந்தது.

அதுவும் அவராக நினைத்துக்கொண்டதில்லை. நேரலையில் யாரோ, "அண்ணி எங்கே காணோம்?" என்று கமெண்ட் போட்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தார். சாயங்காலப் பௌர்ணமிக் கூட்டம் மொத்தமும் பின்னால் வந்துகொண்டிருந்தது. கஸ்தூரி மட்டும் இல்லை.

உடனே அவளுக்கு ஃபோன் போட்டார். மணி அவருடைய தோள்பையிலேயே அடித்தது. தன்னுடையதில் சார்ஜ் தீர்ந்தால் ஆகுமென்று காலையில் அவள் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டவர் அவரேதான்.

வேங்கிக்காலில் எழுத்தர் வேலை வயிற்றுக்கு. உயிர் 'மலையோரம் மணிவேல்' சேனலில். இரண்டாயிரத்துப் பதினெட்டு தை மாதம் ஆரம்பித்தது. அன்றிலிருந்து வீட்டில் சோறு ஆறாமல் சாப்பிட்டதில்லை.

"நண்பர்களே, என் மனைவியைக் காணோம்," என்றார் ஃபோனைப் பார்த்து.

நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டாயிரமானது. அந்தச் சந்தோஷத்தில் அரை மணி நேரம் அவளைத் தேட மறந்துவிட்டார். போதாக்குறைக்கு மைக்கில் யாரையோ விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "ஆடியோ கெடுது, சனியன்," என்று முணுமுணுத்தார்.

'புடவை என்ன கலர்?' என்று ஒரு நேயர் கேட்டார்.

"பச்சை," என்றார் அடித்துச் சொல்வதுபோல.

'இளநீர்க் கடைகிட்ட நிக்கறாங்க' என்று பதில் வந்தது. ஓடிப்போய்ப் பச்சைப் புடவையின் தோளைத் தொட்டார். திரும்பியவள் வேறு யாரோ. அவள் புருஷன் சட்டைக் காலரைப் பிடித்தான்.

"இன்னாய்யா, பொம்பளை மேல கை வைக்கற? வீடியோ வேற எடுக்கறியா?"

கூட்டமே அவரைத் தள்ளிக்கொண்டுபோய்க் காவல் உதவி மையத்தில் விட்டது. மனைவியைக் காணோமென்று அவர் புலம்பியதும், அங்கே இருந்த காவலர் சிந்துஜா பேனாவை எடுத்தாள்.

"போட்டோ காட்டுங்க சார்."

பதினோராயிரம் படம் இருந்தது. மலை, தோசை, அவர், மலைக்கு முன்னால் அவர். கடைசியில் ஒரு முழங்கை கிடைத்தது.

"இது அவதான்னு நினைக்கறேன்."

"மச்சம், தழும்பு?"

இருபத்திரண்டு வருஷக் குடித்தனம். மணிவேலுக்கு ஒன்றும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் அவள் ஃபோனில் அன்றைய நேரலையையே ஓட்டிப் பார்த்தார். ஓரத்தில் மாம்பழ மஞ்சள் புடவை ஒன்று நொண்டிக்கொண்டு வந்தது.

"ஏங்க, கால் ரொம்ப நோவுது. கொஞ்சம் உக்காரலாமா?"

"இரும்மா, இப்பதான் சிக்னல் கிடைச்சிருக்கு," என்றது அவருடைய குரல்.

பேசியது நினைவிலேயே இல்லை. வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. முதல் தடவையாக நேரலையை அணைத்தார்.

"எப்படியாவது கண்டுபிடிச்சுக் குடும்மா. அவ இல்லாம நான் இன்னா பண்ணுவேன்? என் பேரு மணிவேல். வேங்கிக்கால்."

சிந்துஜா எழுதுவதை நிறுத்திவிட்டு நோட்டில் ஒரு பக்கம் முன்னால் புரட்டினாள்.

"உங்களைத்தானே சார் ஒரு மணி நேரமா மைக்ல கூப்பிட்டோம்? உங்களைக் காணோம்னு வந்த அந்தம்மா காத்திருந்து பார்த்துட்டு பஸ் ஏறிட்டாங்க. உங்க காது மச்சம், முட்டித் தழும்பு எல்லாம் கரெக்டா சொன்னாங்க. எப்பலருந்து காணோம்னு கேட்டேன். ரெண்டாயிரத்துப் பதினெட்டு, தை மாசம்னு எழுதிக்கச் சொன்னாங்க."