சம்பந்தி வீட்டில் தங்காமல் பூநாரை பார்ப்பது பற்றி

காதர்பேட்டை, திருப்பூர்
12.01.2026

மதிப்பிற்குரிய சம்பந்தி உமர் அவர்களுக்கு, இலியாஸ் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே அமீருன்னிசா நலம், டி-சர்ட் கடை நலம், கடைக்குப் பின்னால் குட்டி போட்டிருக்கும் பூனையும் நலம். நான் எப்படி இருக்கிறேன் என்பது இந்தக் கடிதத்தைத் தாங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அங்கே தோப்புத்துறையில் தாங்களும் சம்பந்தியம்மா மைமூனா பீவியும், மாப்பிள்ளையும், என் மகள் அல்ஃபியாவும், பேரனும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். குறிப்பாகத் தங்கள் ரத்த அழுத்தம் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் போன் செய்தால் தாங்கள் உடனே ஸ்பீக்கரில் போட்டு, "திருப்பூர் சம்பந்தி பேசுறாங்க, எல்லாரும் வாங்க" என்று வீட்டையே கூட்டிவிடுகிறீர்கள். அந்த அன்புக்கு முன்னால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு எல்லாருக்கும் சலாம் சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன். வாட்ஸப்பில் எழுதினால், நீலக் கோடு விழுந்த நிமிடத்திலிருந்து தங்கள் பதில் வரும்வரை நான் மனுஷனாக இருக்க மாட்டேன். ஆகவே தபால்.

விஷயம் இதுதான். வருகிற 24ஆம் தேதி சனிக்கிழமை, நானும் அமீருன்னிசாவும் மட்டும் கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்க வருவதாக இருந்தோம். தங்கள் வீட்டில் தங்குவதாக இல்லை. எழுதிவிட்டேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

தங்கள் உபசரிப்பில் குறையென்று யாராவது சொன்னால் அவர்கள் வாயில் புழு வைக்கும். குறையே அந்த உபசரிப்புதான். அமீருன்னிசா தங்கள் ஊருக்கு இரண்டு தடவை வந்திருக்கிறாள், பிள்ளைகளின் கல்யாணத்துக்கு ஒன்று, தாங்கள் மாடி கட்டிக் குடிபுகுந்ததற்கு ஒன்று. இரண்டு தடவையும் சம்பந்தியம்மா "நீங்க உக்காருங்க" என்றார்கள், இவள் "நீங்க உக்காருங்க" என்றாள், அந்தப் போட்டியில் இரண்டு பேருமே உட்காராமல் ஒரு மூட்டை வெங்காயத்தை உரித்து முடித்தார்கள். இரண்டாம் தடவை திரும்பி வரும்போது பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் யாரிடமோ போனில், பூநாரை ஆயிரக்கணக்கில் இறங்கியிருக்கிறது, தண்ணீரே தெரியவில்லை என்று சொன்னது இவள் காதில் விழுந்தது. "அது எங்கீங்கண்ணா?" என்று கேட்டாள். "இங்கதாம்மா, தோப்புத்துறையிலேருந்து பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்" என்றார். திருப்பூர் வந்த மறுநாள் காலையில் டீயை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க, எனக்கு நகை வேண்டாம், சேலை வேண்டாம். ஒரே ஒரு நாள், யாரு ஊட்டு அடுப்பும் கண்ணுல படாம, அந்தப் பறவையப் பார்க்கோணுங்க." முப்பத்தொரு வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். எனக்கு நெஞ்சு நிறைந்துபோய், தங்கள் முகம் ஞாபகத்துக்கு வருவதற்குள் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

டூர் கம்பெனி வேண்டாம், கைடு வேண்டாம், நாமே திட்டம் போட்டு நாமே போவோம் என்று ஒரு நோட்டு வாங்கி, எந்த பஸ், எந்த லாட்ஜ், காலையில் எத்தனை மணிக்கு வெயில் ஏறும் என்று எல்லாம் எழுதினேன். இந்த ஊரில் காரணம் இல்லாமல் பிரயாணம் போவது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கடையை இரண்டு நாள் சாத்தப் போகிறேன் என்றதும் ஒருவர் "யாருக்குங்க கல்யாணம்?" என்றார், இன்னொருவர் குரலைத் தாழ்த்தி "யாருங்க தவறிட்டாங்க?" என்றார். பறவை பார்க்கப் போகிறேன் என்று என் கூடப்பிறந்த தம்பியிடம் சொன்னதற்கு அவன் "பார்த்துட்டு வாங்கறாப்லயா, சும்மா பார்க்கறக்கா?" என்று கேட்டான்.

ஒத்திகைக்காக இங்கேயே நஞ்சராயன் குளத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனோம். அமீருன்னிசா கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக இருபது வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள், ஓட்டையும் கறையும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்பது தங்களுக்குத் தெரியும். எனக்கு வெள்ளையாக இருப்பதெல்லாம் கொக்கு, கருப்பாக இருப்பதெல்லாம் காக்கை. அவள் கரையில் நின்றபடி, "அந்த வாத்துக்குத் தலைக்குப் பின்னால ரெண்டு கருப்புக் கோடு, ரெண்டும் நேரா இருக்குதுங்க, பீஸ் ஓகே" என்றாள். கையில் கொண்டுபோயிருந்த பறவைப் புத்தகத்தைப் பார்த்தால் வரித்தலை வாத்து, இமயமலையைத் தாண்டி வந்தது. இமயமலையைத் தாண்டி வந்ததைத் திருப்பூரில் ஒரு பெண்பிள்ளை பாஸ் பண்ணிவிட்டாள் என்கிற பெருமை தாங்காமல் நான் "அமீரு!" என்று கத்திவிட்டேன். குளம் காலியாகிவிட்டது. பக்கத்தில் கேமராவோடு மூன்று மணி நேரமாகக் காத்திருந்த பிரபாகர் என்பவர் மெதுவாக எழுந்து வந்து, நான் போட்டிருந்த ஆரஞ்சு டி-சர்ட்டைப் பார்த்து, "சார், இந்தக் கலருக்கு மேல பறக்கறதும் இறங்காதுங்க. மண் கலர்ல போடுங்க" என்றார். வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மரியாதைக்காரர்.

இங்கேதான் சனி பிடித்தது. என் கடையில் இருப்பதெல்லாம் எக்ஸ்போர்ட்டில் கழித்தது. கண்ணைப் பறிக்கும் கலர், இல்லையென்றால் வெள்ளை. திருப்பூரில் டி-சர்ட் கடை வைத்திருப்பவன் இன்னொரு கடையில் டி-சர்ட் வாங்கினால் மானம் என்ன ஆவது? ஆகவே இரண்டு வெள்ளை டி-சர்ட்டைச் சாயம் போடுகிற தரணீதரனிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் சிரித்தார். "ரெண்டு பீசுங்களா? பாய், மிசினுக்குள்ள அது எங்க போச்சுன்னு ஒரு வாரம் தேடோணுங்க. அம்பது கிலோ இருந்தாக் கொண்டாங்க." சம்பந்தி, ஐம்பது கிலோ என்றால் இருநூற்றைம்பது டி-சர்ட். கொடுத்தேன். நான்கு நாள் கழித்துப் போனால் நல்ல மண் நிறம், ஆனால் மூட்டை அங்கே இல்லை, பிரிண்டிங் போடும் ராசப்பனிடம் போயிருக்கிறது. யார் அனுப்பச் சொன்னது என்றால், "உங்க கடையில இருந்துதானுங்களே போன் வந்துச்சு" என்கிறார். ஓடிப்போய்ப் பார்த்தால், நெஞ்சில் பச்சைப் பசேல் என்று ஒரு கிளி, முதுகில் 'கோடியக்கரை பறவைச் சுற்றுலா' என்று கொட்டை எழுத்து. பூநாரை பார்க்கப் போகிறவனுக்குக் கிளி எதற்கு என்று கேட்டேன். "பறவைன்னுதானுங்க சொன்னாங்க. எங்கிட்ட இருக்கற பறவை அது ஒண்ணுதானுங்க" என்றார் ராசப்பன்.

வீணாகப் போக வேண்டாமே என்று அக்கம்பக்கத்தில் நாலைந்து பேருக்குக் கொடுத்தேன். நான் மறந்துபோனது ஒன்று. இந்த ஊரில் ஒரே மாதிரி டி-சர்ட் கொடுத்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: டூர். மறுநாள் காலையில் நான் கொடுக்காதவர்கள் எல்லாம் கிளியோடு நிற்கிறார்கள். பார்சல் ஆபீஸ் நல்லான், "வண்டி எத்தனை மணிக்குங்க பாய்?" என்கிறார். எதிர்த்த டீக்கடை மூக்கையா சாத்தூர்ப் பக்கத்துக்காரர், அவர் ஒரு படி மேலே போய், "பாய், நீங்க ஒண்ணும் அலைய வேணாம். நம்ம ஊர்க்காரன் பஸ் வச்சிருக்கான், பேசி முடிச்சுட்டேன். சன்னல் சீட்டு ஒங்களுக்குத்தேன்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நேற்று மாலை நிலவரப்படி நாற்பத்து மூன்று பேர். இவர்களிடமெல்லாம் யார் சொன்னது என்று இதுவரை எனக்குப் புரியவில்லை. கலைத்துவிடலாம் என்று வாயெடுத்தால், வருடம் முழுக்க மூட்டை தூக்குகிற மனுஷன் ஒருத்தர் தன் மகளிடம் போனில் "அப்பா பறவை பாக்கப் போறேன் கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். எப்படிச் சொல்வது?

அமீருன்னிசா தலையில் அடித்துக்கொள்வாள் என்று பயந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். அவள் கோபிக்கவே இல்லை. "போகட்டும் விடுங்க. நான் வெள்ளிக்கிழமையே முன்னாடி போயி, சம்பந்தியம்மாவுக்குச் சமையக்கட்டுல ஒத்தாசையா இருக்கறேன். நீங்க எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை காலையில வந்து சேருங்க" என்றாள். யார் வீட்டு அடுப்பும் வேண்டாம் என்றவள், எனக்காக அந்த அடுப்புக்கே போகிறேன் என்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகவே சம்பந்தி, இந்தக் கடிதத்தின் முதல் பாதிக்குத் தாங்கள் கோபித்துக்கொள்ளத் தேவையில்லை. தங்கள் வீட்டில் தங்கவில்லை என்கிற பேச்சே இல்லை. நாற்பத்து மூன்று பேரும் தங்கள் வீட்டுக்கே வருகிறோம். காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் சமைக்கிற பெரிய தேக்சா இரண்டுக்குச் சொல்லி வைக்கவும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவர் சலாம். மாப்பிள்ளைக்கும் அல்ஃபியாவுக்கும் துஆ. பேரனுக்குக் கிளி போட்ட சின்ன சைஸ் ஒன்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். தங்கள் வீட்டு அடுப்பும் தங்கள் பொறுமையும் குறைவில்லாமல் இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக.

வஸ்ஸலாம்,
தங்கள் அன்பும் அச்சமும் உள்ள
இலியாஸ்

பி.கு: சம்பந்தி அண்ணாவுக்கு அமீருன்னிசா எழுதறது. கவரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி இவர் என்னிடம்தான் கொடுத்தார். மேலே இருப்பதில் என் தியாகத்தைப் பற்றி இருக்கிறதே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். தரணீதரனுக்குப் போன் பண்ணி மூட்டையை ராசப்பனுக்கு அனுப்பச் சொன்னதும் நான்தான், ஊரெல்லாம் டி-சர்ட் கொடுத்து ஆள் சேர்த்ததும் நான்தான். இவர் தங்கமான மனுசர். ஆனால் குளத்துப் பக்கம் இவரைக் கூட்டிக்கொண்டு போனால் பூநாரை இலங்கைக்குப் போய்விடும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பஸ் நிறையத் துணை சேர்த்துக் கொடுத்தேன், ஆசை தீரப் பேசிக்கொண்டு வரட்டும். சனிக்கிழமை விடியற்காலை நானும் சம்பந்தியம்மாவும் மட்டும் பூநாரை பார்க்கப் போகிறோம். ஆட்டோவுக்கு அல்ஃபியா சொல்லிவிட்டாள். ராசப்பனிடம் போகும் முன்பே கிளி போடாத மண் கலர் டி-சர்ட் ரெண்டு வாங்கி ஒளித்து வைத்திருக்கிறேன், சேலை மேல போட்டுக்கறதுக்கு சம்பந்தியம்மாவிடம் அளவும் கேட்டுவிட்டேன். அவங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தி நாலு வருசமாம். பன்னெண்டு கிலோமீட்டர்ல இருக்கற பறவையை அவங்களும் ஒரு தடவை கூடப் பார்த்ததில்லையாம் அண்ணா. உங்ககிட்டச் சொல்ல அவங்களுக்குத் தயக்கம், அதான் நான் எழுதறேன். அன்னிக்குச் சமையல் உங்களுது. பருப்பு டப்பா எங்கே இருக்குதுன்னு கேட்டு மட்டும் போன் பண்ணிடாதீங்க, பறவை பறந்துடும்.